தொட்டியே இல்லாத தண்ணீர்க் கோபுரம்: சிகாகோ வாட்டர் டவர்

சிகாகோவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மிச்சிகன் அவென்யூவில் இந்தக் கோபுரத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். '1871 பெருந்தீயில் தப்பியது' என்று அதன் கீழே ஒரு வரி போட்டுவிட்டுப் பக்கத்து மாலுக்குள் போய்விடுகிறார்கள். மொத்தம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை முக்கால் மணி நேரமாக்கினால் போதும், அமெரிக்காவின் பழைய நகரக் குடிநீர் வேலையை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் இடம் வேறு அதிகம் இல்லை என்று தெரியும். அனுமதி இலவசம். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். மறுபாதியான நீரேற்று நிலையம் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது.

முதலில் பெயர் உண்டாக்கும் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வாட்டர் டவர் என்றதும் உயரத்தில் ஒரு பெரிய தொட்டி, அதில் நிரப்பி வைத்த தண்ணீர் என்றுதான் நமக்குத் தோன்றும். இந்தக் கோபுரத்தில் தொட்டி எப்போதும் இருந்ததில்லை. 150 அடிக்கு மேல் உயரமான கற்கட்டிடத்துக்குள்ளே இருந்தது ஒரே ஒரு இரும்புக் குழாய். விட்டம் 3 அடி, உயரம் 138 அடி. விளிம்பு வரை நிரப்பினாலும் அது கொள்ளும் தண்ணீர் சுமார் 27,600 லிட்டர்தான். நம் ஊராட்சிகளில் சாதாரணமாகக் கட்டும் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியைவிடக் குறைவு. அந்தக் காலத்திலேயே லட்சக்கணக்கில் மக்கள் வாழ்ந்த ஒரு நகரத்துக்கு 27,600 லிட்டர் எந்த மூலைக்கு? சேமித்து வைப்பதற்காக இதைக் கட்டவே இல்லை. குழாயில் ஓடும் தண்ணீரின் துள்ளலை அடக்குவதற்காகக் கட்டினார்கள்.

அடிபம்பில் தண்ணீர் அடித்தவர்களுக்கு இந்தத் துள்ளல் உடனே விளங்கும். கைப்பிடியை அழுத்தும்போது தண்ணீர் குபுக்கென்று கொட்டும், தூக்கும்போது இளைத்துவிடும். 1860களின் நீராவி பம்புகளும் இதே இனம். சிலிண்டருக்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வரும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு வீச்சு, இரண்டு வீச்சுக்கு நடுவே ஒரு தொய்வு. அடிபம்பில் வாய் திறந்திருப்பதால் தொல்லை இல்லை. இங்கோ அந்த வீச்சு மைல் கணக்கில் நீளும் மூடிய குழாய்களுக்குள் போகிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அத்தனை டன் தண்ணீரும் ஒருசேர வேகம் கூடிக் குறையும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் குழாயின் சுவரிலும் மூட்டுகளிலும்தான் விழும். வார்ப்பிரும்புக் குழாய் இழுவிசைக்குத் தாங்காது, விரிசல் விடும். வீட்டுக் குழாயிலும் தண்ணீர் விட்டு விட்டு வரும்.

இதற்கு அந்நாளையப் பொறியாளர்கள் கண்ட மருந்துதான் ஸ்டாண்ட் பைப். பம்புக்கும் நகரத்துக்கும் நடுவே, மேல்வாய் திறந்த ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, கீழ்வாயைப் பிரதானக் குழாயோடு இணைத்துவிடுவார்கள். பம்ப் வீசியடிக்கும்போது மிகையான தண்ணீர் இந்தக் குழாயில் மேலே ஏறிக்கொள்ளும். பம்ப் தொய்யும்போது ஏறிய தண்ணீர் இறங்கி நகரத்தின் பக்கம் போகும். கணக்கு எளிது. 3 அடி விட்டமுள்ள குழாயில் தண்ணீர் ஒரு மீட்டர் ஏற ஏறக்குறைய 650 லிட்டர் வேண்டும், அதனால் கூடும் அழுத்தமோ சதுர செ.மீ.க்கு 0.1 கிலோதான். 650 லிட்டர் மிகையாக வந்தாலும் நகரத்துக் குழாய்க்கு அது ஒரு சிறு தட்டலாகத்தான் தெரியும். 138 அடி உயரம் வரை தண்ணீர் நின்றால் அடியில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு சுமார் 4.2 கிலோ. பம்ப் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் அதற்கு மேல் அழுத்தம் ஏற வழியில்லை, வாய் திறந்திருக்கிறதே. நகரும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமல் சமநிலைப்படுத்துவதும் பாதுகாப்பு வால்வு வேலையும் ஒரே குழாயில் நடந்தது.

138 அடி உயரத்துக்கு 3 அடி அகலம். இவ்வளவு ஒல்லியான குழாயை சிகாகோவின் ஏரிக்காற்றில் வெறுமனே நிறுத்த முடியாது. குளிர்காலத்தில் உள்ளே பனிக்கட்டி கட்டினால் திறந்த வாய் அடைபட்டு, குழாய் வைத்ததன் நோக்கமே கெட்டுப்போகும். அதனால் கல்லால் ஒரு போர்வை போர்த்தினார்கள். அந்தப் போர்வைதான் நாம் படம் எடுக்கும் கோபுரம்.

போர்வையைத் தைத்தவர் கட்டிடக் கலைஞர் வில்லியம் டபிள்யூ. பாயிங்டன். அடிக்கல் 1867 மார்ச்சில் வைத்தார்கள், வேலை 1869இல் முடிந்தது. அவர் எடுத்துக்கொண்டது ஐரோப்பியக் கோட்டைப் பாணி. அடியில் சதுரமாக அகன்ற கட்டு, அதன்மேல் கொஞ்சம் உள்வாங்கிய இன்னொரு கட்டு, ஒவ்வொன்றின் மூலையிலும் குட்டிக் கோபுரங்கள், விளிம்பெல்லாம் கோட்டைச் சுவர்போலப் பல் பல்லாக வெட்டிய கொத்தளம், ஒடுங்கிய நீள ஜன்னல்கள். நடுவிலிருந்து எட்டுப் பட்டைத் தூண் ஒன்று எழும்பிப் பச்சை நிறக் குவிமாடத்தில் முடிகிறது. அந்த எட்டுப் பட்டைத் தூண்தான் குழாயின் உண்மையான வடிவம். சுற்றிலும் உள்ள மற்றதெல்லாம் அலங்காரம். கொஞ்சம் தள்ளி நின்று, மூலைக் கோபுரங்களை மனதிலேயே நீக்கிவிட்டுப் பாருங்கள், உள்ளே நின்ற குழாய் கண்ணுக்குத் தெரியும். இதே பாயிங்டன் ஜோலியட் ஊர்ச் சிறைச்சாலையையும் ரோஸ்ஹில் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலையும் ஏறக்குறைய இதே மொழியில் கட்டியிருக்கிறார். கட்டிடக்கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் கல்லறை வாயிலையும் ஒருநாள் போய்ப் பார்க்கலாம், அது நகர எல்லைக்குள்ளேயே வடக்கே இருக்கிறது.

1882இல் சிகாகோவுக்குச் சொற்பொழிவாற்ற வந்த எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு, கோட்டை வேஷம் போட்ட இந்தக் கோபுரத்தைப் பூதாகாரமான அசிங்கம் என்றும், மேலெல்லாம் மிளகுத்தூள் டப்பாக்களை ஒட்டி வைத்ததுபோல் இருக்கிறது என்றும் சொன்னார். இந்த வசையைச் சுற்றுலா வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். அதே வைல்டு, சிகாகோ நீரேற்று நிலையத்தைப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தின் அற்புதம் தமக்கு விளங்கியது என்றும், எஃகுத் தண்டுகள் ஏறி இறங்குவதும் பெரும் சக்கரங்கள் சுழல்வதும் தாம் கண்டவற்றிலேயே தாளம் தவறாத பேரழகு என்றும் பாராட்டியதை யாரும் சொல்வதில்லை. வசை போர்வைக்கு, பாராட்டு பம்புக்கு. கோபுரத்தைப் பற்றி அவர் சொன்னது கடுமைதான், கல்வேலையின் நேர்த்தியை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. பம்பைப் பற்றிச் சொன்னது முழுக்க சரி.

கல்லுக்கு வருவோம். கிட்டத்தில் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டிய பகுதி இதுதான். சிகாகோவுக்குத் தென்மேற்கே லெமான்ட், ஜோலியட் பகுதிக் குவாரிகளில் வெட்டிய மஞ்சள் சாயலுள்ள சுண்ணாம்புக்கல் இது. 1848இல் திறந்த இல்லினாய் மிச்சிகன் கால்வாய் அந்தக் குவாரிகளை ஒட்டியே போனதால் படகில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவருவது சுலபமாக இருந்தது. சிகாகோவின் பழைய கற்கட்டிடங்கள் பல ஒரே நிறத்தில் இருப்பதற்குக் காரணம் அதுதான். வெட்டும்போது வெளிறிய சாம்பல் வெள்ளையாக இருக்கும் கல், வருஷங்கள் போகப்போக வெண்ணெய் மஞ்சளாகும். அடிப்பக்கச் சுவரில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். கல்லின் முகத்தை இழைக்காமல், உளியால் தெறித்த மேனிக்கே கரடுமுரடாக விட்டிருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கல்லும் தனித்தனி நிழல் போடும், சுவர் முழுவதும் சொரசொரவென்று உயிர்பெற்று நிற்கும். உச்சி வெயிலில் போனால் இந்த அழகு தெரியாது, சுவர் தட்டையாகிவிடும். மிச்சிகன் அவென்யூவைப் பார்த்த முகம் கிழக்கு முகம். ஆகவே படம் எடுக்கக் காலை நேரம்தான் சரி.

அதே கல்லில் கிடைமட்டமாக மெல்லிய கோடுகள் ஓடுவதையும் கவனியுங்கள். பழங்காலக் கடலடியில் படிந்த அடுக்குகள் அவை. இடையிடையே களிமண் இழைகள் இருக்கும். இந்தக் கல்லின் பலவீனம் முழுவதும் அந்த இழைகளில்தான். மழைநீர் அதில் ஊறும், குளிரில் உறையும். உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து அடுக்கை நெம்பிவிடும். பல குளிர்காலங்கள் கழிந்தால் கல் ஏடு ஏடாக உரியும். குவாரியில் படுத்திருந்த வாக்கிலேயே கல்லைச் சுவரிலும் படுக்க வைத்தால் மேலே இருக்கும் பாரம் அடுக்குகளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நிறுத்தி வைத்தால் முன்முகம் தோல் உரிவதுபோல் கழன்று வரும். அதனால் பாரம் குறைந்து, நாலு பக்கமும் நனையும் இடங்கள்தான் முதலில் கெடும்: கொத்தளப் பற்கள், மூலைக் கோபுரங்களின் உச்சி, ஜன்னலின் அடிக்கல். நடைபாதையில் பனிக்காகத் தூவும் உப்பு அடிவரிசைக் கற்களுக்கு எதிரி. பழுதுபார்க்கும்போது பழைய சுண்ணாம்புக் காரையை எடுத்துவிட்டு இறுக்கமான சிமென்ட் வைத்தால் இன்னொரு கேடு வரும். மூட்டு வழியாக வெளியேற வேண்டிய ஈரம் கல்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கல்லை உடைக்கும். இவ்வகைப் பழைய கற்கட்டிடங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி இது.

இதனால்தான் இந்தக் கோபுரத்தை 'அப்படியே 1869இல் கட்டியது' என்று நினைக்கக் கூடாது. 1913 முதல் 1916 வரை நடந்த திருப்பணியில் பல கற்களை எடுத்துவிட்டுப் புதுக்கல் வைத்தார்கள். 1978இல் நடந்த வேலை பெரும்பாலும் உள்ளே. ஆகவே தீயைப் பார்த்த கல் எது, பிறகு வந்த கல் எது என்று தெருவில் நின்று பிரித்துச் சொல்வது கடினம். இதனால் கோபுரத்தின் மதிப்பு குறைந்துவிடாது. 1906இலேயே வேலை இழந்த ஒரு கோபுரத்துக்காக நகரம் மூன்று வருஷம் கல் மாற்றியிருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

இனி தீ. 1871 அக்டோபர் 8 இரவு டி கோவன் தெருவில் பிடித்த தீ, காற்றின் போக்கில் வடகிழக்காகப் பாய்ந்து, ஆற்றையும் தாண்டி, 10ஆம் தேதி வரை எரிந்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், லட்சம் பேர் வீடிழந்தார்கள். இந்தத் தீயில் தப்பிய ஒரே கட்டிடம் இதுதான் என்று பலகைகளிலும் பதிவுகளிலும் அடிக்கடி பார்க்கலாம். அது சரியில்லை. தீ சூழ்ந்த பகுதிக்குள் மேலன் ஆக்டன் என்பவரின் மாளிகையும், பெலிஞ்சர் என்ற போலீஸ்காரரின் மரவீடும் தப்பின. பொதுக் கட்டிடங்களில் தப்பி இன்றும் நிற்பவற்றில் பெயர்பெற்றது இது என்று சொன்னால் பொருந்தும்.

'தப்பியது' என்ற சொல்லே அந்த இரவின் உண்மையை மறைத்துவிடுகிறது. கோபுரம் கல்லும் இரும்புமாக இருந்தது, நின்றது. ஆனால் எதிர்ப்பக்கம் இருந்த நீரேற்று நிலையத்தின் கூரைமேல் 9ஆம் தேதி விடியுமுன்னே, எரியும் மரத்துண்டு காற்றில் பறந்து வந்து விழுந்தது. கூரை எரிந்து என்ஜின்கள்மேல் சரிந்தது, பம்புகள் நின்றன. ஸ்டாண்ட் பைப்பில் இருந்த அந்த 27,600 லிட்டர் என்ன செய்யும்? கொஞ்ச நேரத்தில் குழாய்கள் வறண்டன. தீயணைப்பு வீரர்கள் கையில் வெறும் ஹோஸ் பைப்தான் மிஞ்சியது. ஒரே நிலையம், அதற்கு ஒரே கூரை, மாற்று ஏற்பாடு இல்லை, உயரத்தில் சேமித்த தண்ணீரும் இல்லை. குடிநீர்த் திட்டம் போடுகிறவர்கள் இன்றும் படிக்க வேண்டிய பிழை இது. கோபுரத்தின் பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், அன்றிரவு தண்ணீர் ஏன் வரவில்லை என்ற கேள்வி காணாமல் போய்விடும்.

அந்த நீரேற்று நிலையம் பழுதுபார்க்கப்பட்டு மறுபடி ஓடியது, இன்றும் ஓடுகிறது. அதே பாயிங்டன், அதே மஞ்சள் கல், கோபுரத்துக்கு நேர் எதிரே. இப்போது உள்ளே மின்சார பம்புகள். கட்டிடத்தின் ஒரு பகுதியில் லுக்கிங்கிளாஸ் நாடகக் குழுவின் அரங்கம் இயங்குகிறது. திறந்திருக்கும் நேரத்தில் போனால், பம்ப் பகுதியை எட்டிப் பார்க்க வழி உண்டா என்று ஊழியரிடம் கேட்டுவிடுங்கள். பார்க்க முடியாவிட்டாலும், கிழக்கே ஏரியிலிருந்து வரும் தண்ணீர் நேவி பியர் என்ற ஏரித்துறைப் பக்கத்து ஜார்டின் சுத்திகரிப்பு நிலையம் வழியாக இப்பகுதியின் வீடுகளுக்குப் போகும் பாதையில்தான் நிற்கிறோம் என்ற நினைப்போடு அந்தக் கட்டிடத்தைச் சுற்றி வரலாம்.

ஏரித் தண்ணீர் இங்கே வந்த கதை கோபுரத்தைவிடப் பெரியது. அந்நாளில் சிகாகோவின் சாக்கடை ஆற்றில் கலந்தது, ஆறு ஏரியில் கலந்தது, குடிநீரை அதே ஏரியின் கரையோரம் எடுத்தார்கள். காலராவும் டைபாய்டும் மாறி மாறி வந்தன, குழாயில் குட்டி மீன்களும் வந்தன. நகரப் பொறியாளர் எல்லிஸ் செஸ்பரோ, கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஏரிக்குள் நீர் எடுக்கும் கூண்டு ஒன்றை அமைத்து, அங்கிருந்து ஏரிக்கு அடியில் களிமண்ணைக் குடைந்து 5 அடி விட்டத்தில் செங்கல் சுரங்கம் கட்டினார். 1864இல் தொடங்கி 1867இல் தண்ணீர் விட்டார்கள். சுரங்கம் கரைக்கு வந்து சேரும் இடத்தில் நீரேற்று நிலையம், அதற்குத் துணையாகக் கோபுரம். மூன்றும் ஒரே திட்டம். அதுவும் போதவில்லை. சாக்கடை நீர் இரண்டு மைலையும் எட்டியது. 1900இல் கால்வாய் வெட்டி ஆற்றின் ஓட்டத்தையே ஏரிக்கு எதிர்ப்பக்கம் திருப்பினார்கள்.

கோபுரத்தின் வேலை 1906இல் முடிந்தது. விட்டுவிட்டுத் தள்ளும் பம்புகள் போய், இடைவிடாமல் சுழலும் பம்புகள் வந்தன. நம் வீட்டு மோட்டார்போல ஒரே சீராகத் தண்ணீர் தருபவை அவை. துள்ளல் இல்லையென்றால் அதை அடக்கக் குழாய் எதற்கு? 1911இல் குழாயைக் கழற்றி எடுத்தார்கள். பிறகு பைன் தெருவை அகலப்படுத்தி மிச்சிகன் அவென்யூவாக்கிய காலத்தில் இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்து, கடைசியில் சாலைத் திட்டத்தையே மாற்றிக் கோபுரத்தைக் காப்பாற்றினார்கள். 1921இல் தொடங்கிய ஒயிட் காசில் பர்கர் கடைகள் தங்கள் கட்டிடத்துக்கு இந்தக் கோபுரத்தின் சாயலைத்தான் எடுத்துக்கொண்டன.

உள்ளே என்ன இருக்கிறது? இங்கேதான் ஏமாற்றம். கீழ்த்தளத்தில் நகரத்தின் சிறிய புகைப்படக் காட்சிக்கூடம். சிகாகோ சம்பந்தமான படங்களை மாற்றி மாற்றி வைப்பார்கள். படங்களில் குறையில்லை, பத்துப் பதினைந்து நிமிடம் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் கோபுரம் எப்படி வேலை செய்தது என்று காட்டும் ஒரு வெட்டுமுகப் படமோ மாதிரியோதான் அங்கே முதல் இடத்தில் இருந்திருக்க வேண்டும். மேலே ஏறவும் பொதுமக்களுக்கு வழியில்லை. வாய் திறந்த ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு கைப்பம்பு, கொஞ்சம் வண்ணத் தண்ணீர் இருந்தால் போதும், பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஏறிப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் செயின்ட் லூயிஸ் போகலாம். அங்கே 1898இல் கட்டிய காம்ப்டன் ஹில் கோபுரத்தில் குறிப்பிட்ட நாள்களில் 198 படி ஏற விடுகிறார்கள். பம்பும் கோபுரமும் சேர்ந்த விளக்கம் வேண்டுமென்றால் கென்டக்கியின் லூயிவில் நல்லது. 1860இல் கட்டிய அந்தக் கோபுரம் சிகாகோவினதைவிடப் பழையது, நீரேற்று நிலையத்திலேயே அருங்காட்சியகமும் இருக்கிறது. 1890 மார்ச்சில் அடித்த சூறாவளியில் அதன் தூண் விழுந்து, மறுபடி கட்டினார்கள்.

போகும் வழியில் ஒரு எச்சரிக்கை. சிகாகோ ரயிலில் 'சிகாகோ' என்ற பெயரிலேயே மூன்று ஸ்டேஷன்கள் உண்டு. இங்கே வர வேண்டியது ரெட் லைன் 'சிகாகோ'. இறங்கிக் கிழக்கே ஐந்து நிமிட நடை. ஓஹேர் விமான நிலையத்திலிருந்து ப்ளூ லைனில் வந்து அந்த லைனின் 'சிகாகோ'வில் இறங்கியவர்கள் பயப்பட வேண்டாம். அங்கிருந்து சிகாகோ அவென்யூவில் கிழக்கே போகும் 66ஆம் எண் பஸ் கொண்டுவந்து சேர்த்துவிடும். காட்சிக்கூடம் திறக்கும் நேரம் மாறும் என்பதால் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் வெளிப்பக்கத்துக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை.

பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும். காலையில் முதலில் நீரேற்று நிலையத்துப் பக்கம் நின்று, சாலைக்கு அப்பால் கோபுரத்தை முழுசாகப் பாருங்கள். வலப்பக்கம் வடக்கே 1969இல் கட்டிய, ஹான்காக் என்று பெயர்பெற்ற 100 மாடிக் கட்டிடம், 344 மீட்டர், நிற்கும். அதனால் கோபுரம் பொம்மை மாதிரி தெரியும். கோபுரம் கட்டிய நாளில் அந்த வட்டாரத்தின் உயரமான கட்டிடங்களில் அதுவும் ஒன்று. பிறகு சாலையைக் கடந்து, சுவரைத் தொட்டு, ஏட்டுக் கோடுகளைப் பார்த்து, காட்சிக்கூடத்துக்குள் போய் வாருங்கள். கடைசியாகக் கோபுரத்தின் அடியில் கிழக்கு முகத்துக்கு முதுகு காட்டி நின்று எதிரே உள்ள நிலையத்தைப் பாருங்கள். 1869இலிருந்து 1906 வரை அந்தப் பக்கம் ஒரு பிஸ்டன் தள்ளியபோதெல்லாம், உங்கள் முதுகுக்குப் பின்னால் அந்தக் குழாயில் தண்ணீர் ஒரு முறை ஏறி இறங்கியது.